கோணலும் வளைவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகாஹ் மஜ்லிஸில் உரையாற்ற நாம் அழைக்கப்பட்டிருந்தோம். மணமகனுக்கு அறிவுரை கூறும் வேளையில், பெண்களிடம் நல்லவிதமாக நடந்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த நபிமொழியை எடுத்துரைத்தோம். பெண்ணை விலா எலும்போடு தொடர்புபடுத்திப் பேசும் அந்த ஹதீஸில் 'அஃவஜ்' என்னும் அரபுச் சொல் வருகிறது. மத்ரஸாவில் ஓதிய நாள் முதல் நாவில் படிந்திருந்த 'கோணல்' என்னும் சொல்லையே அதற்குரிய தமிழாகத் தயக்கமின்றிக் கூறினோம்.

விருந்து முடிந்து புறப்படும்போது, திரைக்கு அப்பால் அமர்ந்து உரையைக் கேட்டிருந்த மூதாட்டி ஒருவர் தம் பேரனை அனுப்பி எம்மை நிற்கச் சொன்னார். "அஜரத், கோணல் என்று சொன்னால் அதைத் தட்டி நிமிர்த்தத்தானே ஆண்பிள்ளைக்குத் தோன்றும்? நிமிர்த்தப் போகாதே என்றல்லவா ரசூலுல்லாஹ் சொன்னார்கள்?" என்று கேட்டார். அவர் அரபு கற்றவர் அல்லர். ஆனால் நாம் சொன்ன சொல் ஒரு திசையிலும், ஹதீஸின் நோக்கம் மறு திசையிலும் செல்வதை அவர் செவி கண்டுகொண்டது. அன்று நம்மிடம் விடை இல்லை. பிற்பாடு அகராதிகளையும் விரிவுரைகளையும் புரட்டியதில் கிடைத்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

வளைவை எவ்வாறு விவரிப்பது?

நேர்க்கோட்டை விவரிப்பது எளிது. 'நேர்' என்ற ஒரு சொல் போதும். வளைவோ பலவகைப்படும். நம் வீட்டுப் பொருள்களையே நோக்குவோம். குழந்தை உறங்கும் தூளியில் இருப்பது தொய்வு. கூரையில் இருப்பது சரிவு. வாய்க்காலில் இருப்பது நெளிவு. முதியவர் முதுகில் இருப்பது கூன். பெரியவர் முன் இளையவர் உடலில் தோன்றுவது குனிவு. விளைந்த கதிரிலே காண்பது தலைசாய்வு. மரக்கதவின் சட்டம் மழையில் நனைந்து முறுக்கிக்கொண்டால் அது கோணல். இவை அனைத்தையும் 'வளைவு' என்று ஒரே சொல்லால் கூறினால் பிழையில்லை. ஆனால் கேட்பவர் கண்முன் எதுவும் தோன்றாது. இவற்றுள் ஒன்றன் சொல்லை மற்றொன்றுக்கு இட்டாலோ பிழையே நேரும். தூளியின் தொய்வைக் கோணல் என்று எவரும் சொல்வதில்லை. அந்தத் தொய்வில்தான் குழந்தை உறங்குகிறது.

ஆகவே ஒரு மென்மையான வளைவைச் சரியாகச் சொல்ல வேண்டுமாயின் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். எவ்வளவு வளைந்துள்ளது? எந்தப் பக்கம் வளைந்துள்ளது? எதனால் வளைந்துள்ளது? அரபு மொழியறிஞர்கள் இம்மூன்றையும் வியக்கத்தக்க நுட்பத்துடன் ஆய்ந்துள்ளனர்.

எவ்வளவு?

அரபியில் 'அவஜ்' என்றும் 'இவஜ்' என்றும் இரு சொற்கள் உண்டு. எழுத்துகள் ஒன்றே, முதலெழுத்தில் ஸபர் இட்டால் அவஜ், ஸேர் இட்டால் இவஜ். சுவர், கம்பு போன்ற நிமிர்ந்து நிற்கும் பொருள்களில் கண்ணால் எளிதில் காணும் வளைவு அவஜ் ஆகும். மார்க்கம், வாழ்க்கை முறை போன்றவற்றில் சிந்தனையால் மட்டும் உணரத்தக்க வளைவு இவஜ் ஆகும். திருக்குர்ஆன் சொற்களுக்கு அகராதி கண்ட இமாம் ராகிப் அல்-இஸ்ஃபஹானீ இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் குறித்துள்ளார்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. தாஹா அத்தியாயத்தின் 107ஆம் வசனம், மறுமை நாளில் மலைகள் தூளாக்கப்பட்ட பின் பூமி எப்படியிருக்கும் என்பதைக் கூறுகையில், அதில் யாதொரு இவஜும் காணப்படாது என்கிறது. பூமியோ கண்ணால் காணும் பொருள். அங்கு அவஜ் என்றல்லவா வந்திருக்க வேண்டும்?

'அல்-கஷ்ஷாஃப்' விரிவுரையை எழுதிய ஸமக்‌ஷரீ (ஹிஜ்ரி 467–538, கி.பி. 1075–1144) இதற்கு அளிக்கும் விளக்கம் படித்து இன்புறத்தக்கது. ஒரு நிலத்தை இயன்ற மட்டும் சமன்செய்து, கூர்ந்த பார்வையுடையோர் பலரை அழைத்துக் காட்டினால், இதில் மேடு பள்ளம் எதுவுமில்லை என்று அனைவரும் ஒருமுகமாகக் கூறுவர். பின்னர் அளவையியல் அறிந்த ஒருவரைக் கொண்டு அளந்து பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய வளைவுகளை அவர் எடுத்துக்காட்டுவார். அந்த வளைவு, பொருளில் இருந்தும் அறிவால் மட்டுமே பிடிபடுகிறது. எனவே அது இவஜ் என்னும் சொல்லுக்கு உரியதாயிற்று. அத்தகைய நுண்ணிய வளைவுகூட அன்று பூமியில் இராது என்பதே வசனத்தின் கருத்து என்கிறார் அவர். ஸமக்‌ஷரீ கொள்கையில் முஃதஸிலாப் பிரிவைச் சார்ந்தவர்; எனினும் சொல்லாய்வில் அவருக்குள்ள இடத்தை ஸுன்னத் வல் ஜமாஅத் அறிஞர்களும் ஏற்றனர். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் பைளாவீ தஃப்ஸீரே அவர் நூலைப் பெரிதும் அடியொற்றியது.

இதனை விளங்கிக்கொள்ள நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பள்ளிவாசலில் உளூச் செய்யும் இடத்தின் தளத்தைப் பாருங்கள். கண்ணுக்கு அது சமதளம். ஆனால் நீர் தேங்காது வடிவதற்காகக் கொத்தனார் அதில் சிறிது 'வாட்டம்' விட்டிருப்பார். அவருடைய ரசமட்டத்துக்கு அது தெரியும். ஊற்றிய நீருக்குத் தெரியும். நம் கண்ணுக்கு மட்டும் தெரியாது.

அளவின் நுட்பம் பொருள்களோடு நிற்கவில்லை, அசைவுகளுக்கும் விரிந்தது. அத்தஹிய்யாத் இருப்பில் நபியவர்கள் ஆட்காட்டி விரலை உயர்த்தியிருந்த காட்சியை நுமைர் அல்-குஸாயீ (ரலி) அறிவித்துள்ளார்கள். அபூதாவூத் நூலில் இடம்பெறும் அவ்வறிவிப்பு, அவ்விரல் சற்றே வளைந்திருந்தது என்று கூறுகிறது. 'சற்றே' என்ற அந்தச் சிறு சொல்லை அறிவிப்பாளர் விட்டுவிடவில்லை. பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் இயற்றியதும், நம் கடலோர ஊர்களின் ஷாஃபிஈ மாணவர்கள் இன்றும் ஓதுவதுமாகிய 'ஃபத்ஹுல் முயீன்' நூலிலும், விரலை உயர்த்துகையில் அதைச் சிறிது சாய்ப்பது ஸுன்னத் என்ற குறிப்பு இடம்பெறுகிறது. அவ்வாறே நபியவர்களின் ருகூவை வருணிக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தலையை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை, இரண்டுக்கும் இடைப்பட்டிருந்தார்கள் என்று கூறுவதை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

நாவின் அசைவிலும் இதே அளவு காக்கப்பட்டது. கிராஅத் கலையில் 'இமாலா' என்பது சாய்த்தல் எனப் பொருள்படும். 'ஆ' என்னும் ஒலியை 'ஈ' என்பதன் பக்கம் சாய்த்து ஓதுவதே இமாலா. நாம் ஓதும் ஹஃப்ஸ் அறிவிப்பில் இது ஒரே ஓர் இடத்தில், ஹூது அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் 'மஜ்ரேஹா' என வருகிறது. ஹம்ஸா, கிஸாயீ ஆகிய இமாம்களின் ஓதலில் இது மிகுதி. வர்ஷ் அறிவிப்பிலோ அதனினும் மென்மையான சாய்வு உண்டு; அதற்குத் 'தக்லீல்', அதாவது குறைத்தல் என்று தனிப்பெயரே இட்டனர். ஒலியின் சாய்வில் பெரிது, சிறிது என இரு படிகளைப் பிரித்து, ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் வாய்க்குப் பன்னூறு ஆண்டுகள் அந்த வேறுபாட்டைக் கடத்தி வந்துள்ளனர்.

எழுத்துக் கலையும் அவ்வாறே. பாக்தாதின் அமைச்சராயிருந்த இப்னு முக்லா (மறைவு: ஹிஜ்ரி 328, கி.பி. 940) அலிஃபை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து, அதனைக் கொண்டு ஏனைய எழுத்துகளின் வளைவை வரையறுத்தார். 'ரா' அவ்வட்டத்தில் கால்பகுதி, 'நூன்' அரைப்பகுதி. எழுதுகோலின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே நீளத்தை அளக்கும் அலகு. வளைவு கையின் விருப்பத்துக்கு விடப்படவில்லை.

எந்தப் பக்கம்?

இரண்டாம் வினா திசையைப் பற்றியது. 'ஹனஃப்' என்றாலும் சாய்வு, 'ஜனஃப்' என்றாலும் சாய்வு. இரண்டிலும் முதலெழுத்து மட்டுமே வேறு. எழுத்து வடிவில் ஒரு புள்ளியே வேறு. வழிகேட்டிலிருந்து நேர்மையின் பக்கம் சாய்வது ஹனஃப் என்றும், நேர்மையிலிருந்து வழிகேட்டின் பக்கம் சாய்வது ஜனஃப் என்றும் ராகிப் பிரித்துரைக்கிறார். இப்ராஹீம் (அலை) அவர்களைத் திருக்குர்ஆன் 'ஹனீஃப்' என்று புகழ்கிறது. ஊரார் அனைவரும் சிலைகளின் பக்கம் நின்றபோது அவர் ஒருவர் இறைவன்பால் சாய்ந்தார். ஊரார் கண்ணுக்கு அவரே விலகியவராய்த் தோன்றினார். மறுபுறம், மரண சாஸனம் எழுதுபவர் ஒரு வாரிசின் பக்கம் அறியாமல் சாய்ந்துவிடுவதை பகரா அத்தியாயத்தின் 182ஆம் வசனம் ஜனஃப் என்று குறித்து, அதைச் சீர்செய்து வைப்பவர்மேல் குற்றமில்லை என்கிறது. அறிந்தே செய்யும் அநீதிக்கு அங்கேயே வேறு சொல் வந்துள்ளது.

இவ்வேரிலிருந்து பிறந்த 'அஹ்னஃப்' என்னும் சொல் பாதம் உட்புறம் வளைந்தவரைக் குறிக்கும். பஸ்ராவின் தமீம் குலத் தலைவர் அல்-அஹ்னஃப் இப்னு கைஸ் இக்காரணத்தாலேயே அப்பெயர் பெற்றார். அரபுலகம் அவரைக் காலின் வளைவுக்காக நினைவுகூரவில்லை. பொறுமைக்குப் பழமொழியாக நினைவுகூர்கிறது.

தமிழும் இதே இரு பாதைகளில் நடந்திருப்பது எண்ணத்தக்கது. 'கொடு' என்பதன் பழம்பொருள் வளைந்தது என்பதாகும். அதிலிருந்தே கொடுமையும் கொடுங்கோலும் பிறந்தன. கோடுதல் என்றாலும் வளைதலே. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம், ஒருபால் சாயாமையைக் கோடாமை என்றே சொல்கிறது. ஆனால் 'வணங்கு' என்பதற்கும் வளைதல் என்பதே மூலப்பொருள். அதிலிருந்து பிறந்தது வணக்கம். கொடுமையும் வணக்கமும் ஒரே அசைவின் இரு திசைகள். அரபியில் 'ருகூஉ' என்பதற்கும் குனிதலே அடிப்படைப் பொருள் என்பதை நாம் அறிவோம். வளைதல் தன்னளவில் குற்றமும் அன்று, சிறப்பும் அன்று. யார்முன், எதன்பால் என்பதே அதன் தகுதியை முடிவுசெய்கிறது.

அரபு இலக்கண மாணவர் முதலாண்டிலேயே கற்கும் 'அத்ஃப்' என்பதையும் இங்கு நினைவுகூரலாம். ஒரு சொல்லை முன்சொல்லின்பால் வளைத்து இணைப்பது என்பது அதன் கருத்து. பரிவு காட்டுவதற்கும் அதே சொல்தான். உள்ளத்து உணர்வைக் குறிக்கும் 'ஆதிஃபா' அவ்வேரினது. பிறர்பால் வளையாத உள்ளத்தில் பரிவு இல்லை என்பதை இம்மொழி தன் வேர்ச்சொல்லிலேயே பொதிந்து வைத்துள்ளது.

எதனால்?

மூன்றாம் வினாவுக்கு யாஸீன் அத்தியாயத்தின் 39ஆம் வசனம் விடை தருகிறது. தேய்ந்து மெலிந்த பிறையை அது 'உர்ஜூன்' என்பதற்கு ஒப்பிடுகிறது, பழையதாகிய உர்ஜூன். இதனைத் தமிழில் பேரீச்ச மட்டை என்று பெயர்ப்பது வழக்கம். மட்டை என்றவுடன் நமக்கு ஓலையின் அடிப்பகுதியே நினைவுக்கு வரும். உர்ஜூன் என்பதோ பேரீச்சங்குலையைத் தாங்கும் காம்பு. அது பழையதாகும்போது மெலிகிறது, வளைகிறது, மஞ்சள் நிறம் பெறுகிறது. இம்மூன்று வகையிலும் பிறை அதனை ஒத்துள்ளது என்பது விரிவுரையாளர் கூற்று.

மட்டைக்கும் குலைக்காம்புக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். வளைவின் காரணத்தில் வேறுபாடு உண்டு. குலைக்காம்பு பாளையிலிருந்து வெளிப்படும்போது மேல்நோக்கியே நிற்கிறது. காய்கள் பருத்துக் கனியக் கனிய, அவற்றின் எடையைச் சுமந்து அது கீழ்நோக்கி வளைகிறது. கனிகளைக் கொய்த பின்னும் அவ்வளைவு மாறுவதில்லை, அப்படியே உலர்ந்துவிடுகிறது. பாரம் இறங்கிய பின்னும் பாரத்தின் வடிவம் எஞ்சியிருக்கும் ஒரு பொருள் அது. வயலில் கதிர் தலைசாய்வதைப் பதர் என்று எந்த உழவரும் சொல்வதில்லை; பதர்தான் நிமிர்ந்து நிற்கும். நம் இல்லங்களில் பிள்ளைகளைச் சுமந்து, குடம் சுமந்து வளைந்த தாய்மாரின் முதுகும் இத்தகையதே. அதைக் கூன் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவோமாயின், சுமந்ததைச் சொல்லாமல் விட்டவர்களாவோம்.

விலா எலும்பு

இம்மூன்று வினாக்களுடன் நாம் தொடங்கிய நபிமொழிக்குத் திரும்புவோம். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. பெண் விலா எலும்பிலிருந்து படைக்கப்பட்டவள் என்று ஓர் அறிவிப்பிலும், அவள் விலா எலும்பைப் போன்றவள் என்று புகாரீயின் மற்றோர் அறிவிப்பிலும் வருகிறது. அவ்வெலும்பின் மேற்பகுதியே மிகவும் வளைந்தது. அதை நிமிர்த்த முற்பட்டால் உடைத்துவிடுவாய். விட்டுவிட்டால் வளைந்தவாறே இருக்கும் என்பது கருத்து. பெண்களிடம் நல்லவிதமாக நடந்துகொள்ளுங்கள் என்ற கட்டளை புகாரீயில் இச்செய்தியின் முதலிலும் முடிவிலும் அமைந்துள்ளது. உடைத்தல் என்பது தலாக்கையே குறிக்கும் என்று முஸ்லிமின் அறிவிப்பு விளக்குகிறது.

இதன் ஓர் அறிவிப்பில் அவளிடம் இவஜ் உள்ள நிலையிலேயே அவளுடன் இன்புற்று வாழலாம் என்று வருகிறது. அவ்விடத்தில் அவஜ் என ஓதுவதா, இவஜ் என ஓதுவதா என்று அறிஞர் கருத்து வேறுபட்டனர். இமாம் நவவீ (மறைவு: ஹிஜ்ரி 676, கி.பி. 1277) முஸ்லிமின் விரிவுரையில் இரண்டையும் எடுத்துரைத்து, இவஜ் என்பதையே வலுவானதாகக் கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் காரணம் நாம் மேலே கண்ட அதே அகராதி வேறுபாடுதான். அவ்வாறாயின் இங்கு பேசப்படுவது கம்பில் தெரியும் கோணல் போன்றதன்று. இயல்பில் உள்ள, அறிவால் உணரத்தக்க வேறுபாடு.

'அஃவஜ் என்பதற்குக் கோணல் என்றும் அகராதியில் பொருள் உண்டே' என்று எம் மாணவர் ஒருவர் வாதிட்டதுண்டு. உண்மைதான். அச்சொல் புகழ்ச்சிச் சொல் என்று நாமும் கூறவில்லை. ஆனால் தமிழில் கோணல் என்பது நிமிர்த்தப்பட வேண்டியதன் பெயர். நிமிர்த்தாதே என்று சொல்லும் வாக்கியத்தில் அச்சொல்லை இட்டால், முதற்பாதியே பிற்பாதியை மறுக்கத் தொடங்கிவிடும். வளைவு என்று கூறினால் அந்த முரண் எழாது.

இனி விலா எலும்பையே நோக்குவோம். மனித உடலில் அவை 12 இணை. அவை வளைந்திருப்பதாலேயே மார்பினுள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடம் கிடைக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது, வாளியின் வளைந்த கைப்பிடி பக்கவாட்டில் மேலெழுவதுபோல் அவை எழுகின்றன, மார்புக்கூடு அகல்கிறது. கைப்பிடி நேரான கம்பியாக இருந்தால் அதை எப்படித் திருப்பினாலும் அகலம் கூடாது. நம் ஒவ்வொரு மூச்சும் அந்த வளைவினால் நிகழ்கிறது. உடலில் பிற எலும்புகளும் வளைந்துள்ளன. ஆயினும் உவமைக்கு எடுக்கப்பட்டது இதயத்தை அணைத்து நிற்கும் எலும்பு.

மேலும் ஒன்று. குறைஷிப் பெண்களை நபியவர்கள் புகழ்ந்துரைத்த செய்தி புகாரீயில் உள்ளது. சிறு வயதுப் பிள்ளைகளிடம் மிகுந்த பரிவுடையோர் என்று கூறும் அவ்விடத்தில் ஆளப்பட்ட சொல் 'அஹ்னா'. அதன் வேர் வளைதலைக் குறிக்கும் 'ஹுனுவ்'. தொழுகையில் சற்றே வளைந்த விரலை நுமைர் (ரலி) சொன்னதும் இவ்வேரால்தான். இக்காலக் கணித நூல்களில் வளைகோட்டுக்கு வழங்கும் 'முன்ஹனா'வும் இவ்வேரினதுதான். தொட்டிலின்மேல் குனியும் தாயின் வளைவே அரபியில் பரிவுக்குப் பெயராயிற்று. அவ்வளைவை நிமிர்த்திவிட்டால் பிள்ளையை யார் குனிந்து எடுப்பார்?

இப்போதெல்லாம் நிகாஹ் மஜ்லிஸ்களில் அந்த ஹதீஸை எடுத்துரைக்கையில் நாம் வளைவு என்றே கூறுகிறோம். கூறிவிட்டு மணமகனை நோக்கி, வலக்கையை இடப்பக்க விலாவின்மேல் வைத்து ஒருமுறை ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்கிறோம். சபையில் சிலர் புன்முறுவல் கொள்வர். எலும்பு எழுந்து தாழ்வதை அவர் விரல்கள் உணரும்போது, இதை நிமிர்த்த எண்ணுவீரா என்று கேட்கிறோம். எமக்கு இதைக் கற்பித்த அந்த மூதாட்டி இன்று உயிருடன் இல்லை. அல்லாஹ் அன்னாரின் மண்ணறையை விசாலமாக்குவானாக! நாவின் சொல்லில் நேரும் கண்ணுக்குத் தெரியாத இவஜிலிருந்து நம் அனைவரையும் காப்பானாக! உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.